காத்தாடியைக் காட்டுங்க, அடுப்பை மறைங்க

திருப்பூருக்கு எரிசக்தித் திட்டம் எழுதறதுக்காக லேப்டாப்பைத் தோள்ல மாட்டிக்கிட்டு சேவூர் வரைக்கும் வந்திருக்கீங்க. வாங்க தம்பி, உக்காருங்க. மொதல்ல மோர் குடிங்க. வெய்யல்ல வந்த ஒறம்பரைக்கு மோர் ஊத்தாம யோசனை சொல்றது எங்க பக்கம் வழக்கமில்லை. நான் அஞ்சாவதோட நின்னவன். அதனால பெரிய படிப்பு படிச்சவங்களுக்குப் புத்தி சொல்றதுல எனக்கு எந்தக் கூச்சமும் கிடையாது.

கார்பனைக் கொறைக்கோணும்னு சொல்றீங்க. கொறைக்கறது கஷ்டமுங்க. கொறைஞ்சாப்பல காட்டறது சுலபம். நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது. அதனால ரெண்டுக்கும் வழி சொல்லிப்போடறேன். சுலபமானதுல இருந்தே ஆரம்பிக்கலாம்.

மொதல்ல எல்லைக்கோடு. அதை மாநகராட்சி எல்லையோட நிறுத்திப்போடுங்க. புகையில ஒரு பெரும் பங்கு அங்கயே காணாமப் போயிரும். எப்படீன்னு கேக்கறீங்களா? வெடியால சேவூர் கைகாட்டில போய் நின்னு பாருங்க. கம்பெனி வேன் ஒண்ணு பின்னால ஒண்ணா வரும். சோத்துப் போசியைப் பையில போட்டுக்கிட்டு நிக்கற புள்ளைகளை ஏத்திட்டுப் போகும். அதே ரோட்டுல எதுக்க டெம்போ வரும். அதுல வெட்டின பீஸைக் கட்டுக் கட்டா அடுக்கியிருப்பாங்க, எங்க பக்கத்து ஜாப் ஒர்க் யூனிட்டுல தெச்சு வாங்கறதுக்கு. ஆளு அங்க போகுது, துணி இங்க வருது. ரெண்டும் டீசல்லதான் ஓடுது. இதை எந்த ஊர்க் கணக்குல எழுதுவீங்க?

திருப்பூர் ஆபீசரு, "அது அவிநாசி ஒன்றியம்"பாரு. ஒன்றியத்துல கேட்டா, "அது திருப்பூர்க் கம்பெனி ஆர்டரு"ம்பாங்க. ரெண்டு பேரும் சொல்றது நெசந்தான். அதுதான் இதுல இருக்கற சூட்சுமம்.

ஒரு பனியனோட சாதகத்தைப் பாருங்க. கோயமுத்தூர்ப் பக்கமோ திண்டுக்கல் பக்கமோ ஒரு மில்லுல நூலாப் பொறக்குது. ஒரு எடத்துல நிட்டிங், இன்னொரு எடத்துல சாயம், வேறொரு எடத்துல காம்பேக்டிங், அப்பறம் கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். கப்பல் ஏறறதுக்கு முன்னாலயே அது ரெண்டு மூணு தாலூக்கா சுத்திருது. படிச்சவங்க இந்தப் புகையை மூணாப் பிரிக்கறாங்க. தன் கட்டடத்துல எரிக்கறது ஒண்ணு. காசு குடுத்து வாங்கற கரண்டுக்காக எங்கியோ எரியறது ரெண்டு. நமக்காக அடுத்தவன் எரிக்கறது மூணு. வெளிநாட்டுக் கடைக்காரனுக்கு திருப்பூர்தான் மூணாவது. திருப்பூருக்குச் சேவூர் மூணாவது. எங்களுக்குக் கீழ ஆரும் இல்லாததால புகை எங்க தலைக்கு மேலயே நின்னுக்குது.

ரெண்டாவது வழி, காத்தாடி. திட்ட அறிக்கைக்கு அட்டைப்படம் வேணுமில்லைங்களா, அதுக்கு இதை விட்டா வேற படம் இல்லை. தாராபுரம், உடுமலைப் பக்கம் போனா நெட்டுக்கும் நிக்குது. பாலக்காட்டுக் கணவாய் வழியா நுழையற தென்மேற்குக் காத்து வைகாசில கெளம்புனா புரட்டாசி வரைக்கும் வுடாது. பனியன் முதலாளிக நெறையப் பேருக்கு அங்க சொந்தக் காத்தாடி இருக்குது. வருமான வரியில தேய்மானக் கழிவு தாராளமாக் கெடைச்ச காலத்துல நட்டது பல. புண்ணியம் தேடி நட்டதுன்னு ஆரும் நெனைச்சுக்க வேண்டாம், ஆனா காத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது, சுத்துது. எங்க ஊருக்கு வேணுங்கற கரண்டைப்போலப் பல மடங்கு மெகாவாட் நாங்க நட்டு வெச்சிருக்கறோம்னு ஏற்றுமதியாளர் சங்கத்துக்காரங்க மேடைக்கு மேடை சொல்றாங்க. சொல்லட்டும், பெருமைப்படற விசயந்தான்.

நீங்களும் மெகாவாட்டுலயே பேசுங்க. மறந்தும் யூனிட்டுல பேசிராதீங்க. மெகாவாட்டுங்கறது காத்தாடிக்கு எம்புட்டு முடியும்ங்கறது. யூனிட்டுங்கறது அது எம்புட்டுப் பண்ணுச்சுங்கறது. நாலுல ஒரு பங்கு கெடைச்சாலே நல்ல காத்தாடி. அந்தக் கணக்கைக் கழிச்சாலும் திருப்பூருக்கு வருசத் தேவை நேராயிரும்னே வெச்சுக்குவோம். ஆனா வருசத்தோட நேரானாப் போதுங்களா? ஆடியில சுத்தின கரண்டை மின் வாரியத்துக்கிட்ட வரவு வெச்சுட்டு, காத்தில்லாத தையில எடுத்துக்கறாங்க. சம்பந்தி வூட்டுல குடுத்து வெச்ச நகையாட்டம் அது. கணக்குல நம்முளுதுதான், ஆனா நாம கேக்கற அன்னைக்கு அவங்க பொட்டியில இருக்கற வேற நகையத்தான் எடுத்துக் குடுப்பாங்க. தை மாசத்துப் பொழுதோட ஆறு மணிக்கு மேல, வெய்யலும் போயி காத்தும் படுத்த பின்னால, திருப்பூர்ல எரியற லைட்டுக்குப் பெரும்பங்கு கரண்டு மேட்டூர், வடசென்னை மாதிரி எடங்கள்ல நிலக்கரி எரிச்சு வருது. நாடு முழுக்கச் சேர்த்துப் பார்த்தா ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கார்பன் டை ஆக்சைடு. காத்தாடி படத்துல இது தெரியாது. நல்ல வெளிச்சத்துல எடுத்த படமாப் போடுங்க.

இப்ப மூணாவது வழி. இதுதான் நெம்ப ருசியானது. மோர் இன்னும் சித்தெ ஊத்தட்டுங்களா?

நொய்யல் ஆறு சாயமா ஓடுன காலத்துல நீங்க பள்ளிக்கூடம் போயிட்டிருந்திருப்பீங்க. ஒரத்துப்பாளையத்துல பாசனத்துக்குன்னு 1992-ல அணை கட்டுனாங்க. தேங்குனது சாயத்தண்ணி. கீழ இருந்த வெவசாயிக கோர்ட்டுக்குப் போனாங்க. வருசக்கணக்கா வழக்கு நடந்து, 2011 ஜனவரி 28-ந் தேதி சென்னை உயர் நீதிமன்றம் எழுநூத்துச் சொச்சம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிருச்சு. திருப்பூரே கைகால் ஒடுங்கிப் போச்சு. ஒரு சொட்டுக் கழிவும் வெளிய வுடக்கூடாதுன்னு கட்டுப்பாடு வந்து, பொதுச் சுத்திகரிப்பு நிலையமெல்லாம் மாத்திக் கட்டி, அப்பறந்தான் ஒண்ணொண்ணாத் தொறந்துது. சாயத்தண்ணியச் சுத்தம் பண்ணி, சவ்வு வழியா அழுத்தி நல்ல தண்ணியப் பிரிக்கறாங்க. நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல தண்ணி திரும்பச் சாயத்துக்கே போகுது. மிஞ்சற உப்புத்தண்ணியக் காச்சி, ஆவியாக்கி, உப்பைத் தனியா எடுக்கறாங்க. உலகத்துல இத்தனை பெரிய சாயத் தொழில் ஊரு முழுக்க இப்படி ஒரு கட்டுக்குள்ள வந்தது அபூர்வம். இதை நான் நையாண்டி பண்ணலை. செஞ்சது செஞ்சதுதான்.

ஆனா பாருங்க, அழுத்தறதுக்குக் கரண்டு வேணும். காச்சறதுக்கு நெருப்பு வேணும். ஆத்தைச் சுத்தமா வெச்சுக்கோணும்னா அடுப்பு நிக்காம எரிஞ்சாகோணும்னு ஆயிப்போச்சு. அதுக்கு முன்னாலயே சாயம் போடற எடத்துல ஒரு அடுப்பு எரியுது. பருத்திக்குச் சாயம் ஏத்தறதுக்கு 60 டிகிரியில இருந்து 80 டிகிரி சூடு வேணும். ஒட்டாத சாயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவறதுக்குக் கொதிக்கக் கொதிக்க 95 டிகிரி. பாலியெஸ்டருன்னா 130. அப்பறம் ஸ்டென்டர்ல காய வெக்கறது, காம்பேக்டிங்ல ஆவி காட்டறது. எல்லாமே சூடு. இந்தச் சூட்டுக்குக் காத்தாடிக்காரனால ஒண்ணும் பண்ண முடியாது. இது வெறகு பாய்லர்ல இருந்து வருது.

இங்கதான் உங்களுக்கு அதிர்ஷ்டம். வெறகுப் புகையில இருக்கற கார்பனைச் சுழியம்னு எழுதிக்கறதுக்குக் கணக்குச் சாஸ்திரத்துலயே எடம் இருக்குது. மரம் மறுபடி வளரும், வளர்றப்ப உட்ட புகையத் திரும்ப உறிஞ்சிக்கும், அதனால தனியா ஒரு மூலையில எழுதி வெச்சுட்டா மொத்தத்துல சேராது. நியாயமான வாதந்தான், வெட்டுன எடத்துல ஆராவது மறுபடி நட்டிருந்தா. லாரியில வர்ற கட்டை எந்தக் காட்டுது, எந்த மேட்டுது, வெட்டுன குழியில இப்ப என்ன இருக்குதுன்னு வெறகு மண்டிக்காரங்ககிட்டக் கேட்டுப் பாருங்க. "சார், எடை போடட்டுங்களா வேண்டாமுங்களா?"ன்னு திருப்பிக் கேப்பாங்க. நீங்க அந்தக் கேள்வியே கேக்காதீங்க. சுழியம்னு போட்டுட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருங்க.

மரம்னதும் நெனப்பு வருது. 'வனத்துக்குள் திருப்பூர்'னு 2015-ல இருந்து லட்சக்கணக்குல நட்டிருக்கறாங்க, வெற்றி அமைப்புக்காரங்க. நட்டது மட்டுமில்லை, தண்ணி ஊத்தி வளர்த்தாங்க. எங்க பக்கத்துலயும் நெழல் வந்திருக்குது. அவங்களை நான் கையெடுத்துக் கும்பிடறேன். ஆனா அந்தப் படத்தைக் கொண்டுவந்து பாய்லர் படத்துக்கு மேல ஒட்டறவங்களைக் கும்பிட மாட்டேன்.

நாலாவது சுலப வழி ஒண்ணு இருக்குது, வருசத்தைத் தூரமா வெக்கறது. சென்னை மாநகராட்சி 2023-ல காலநிலைச் செயல்திட்டம் போட்டுச்சு, 2050-க்குள்ள நிகர சுழியம்னு. நாட்டுக்கே 2070. 2050-ங்கறது நெம்ப நல்ல வருசம் தம்பி. கையெழுத்துப் போட்ட அதிகாரி ஆரும் அப்ப வேலையில இருக்க மாட்டாங்க. கிட்டத்துல வருசம் வெச்சு மாட்டிக்கிட்டவங்களும் உண்டு. டென்மார்க்குல கோபன்ஹேகன்காரங்க 2025-க்குள்ளயே சுழியம் பண்ணிருவோம்னு சொன்னாங்க. சொன்னதோட நிக்காம, ஊரு முழுக்கக் குழாய் போட்டு ஒரே எடத்துல சூடு பண்ணுன தண்ணிய வூடு வூடா அனுப்பி, புகையப் பெரும்பங்கு கொறைச்சும் காட்டிட்டாங்க. கடைசிக் கொஞ்சம் மட்டும் குப்பை எரிக்கற ஆலையோட புகையப் புடிச்சு அடைக்கறதுல மாட்டிக்கிச்சு. பணம் தோதுப்படலை. 2022-லயே, "முடியாதுங்க, தள்ளிப் போகும்"னு ஊருக்கு முன்னால சொல்லிட்டாங்க. கணக்கு நேராப் போட்டா இந்த ஆபத்து இருக்குது. எதுக்கும் யோசிச்சுக்குங்க.

என்ன, எழுதறதை நிறுத்திட்டீங்க? மூஞ்சியப் பார்த்தா நெசமாலுமே கொறைக்கத்தான் வந்திருக்கீங்களாட்ட இருக்குது. அப்படீன்னா கஷ்டமான வழியச் சொல்றேன். இதுல அட்டைப்படத்துக்கு ஒண்ணும் கெடைக்காது.

கோபன்ஹேகன் குழாயச் சொன்னேனில்லைங்களா, அது நமக்குப் புதுசே இல்லை. முந்நூத்துக்கு மேல சாயப்பட்டறைக ஒண்ணுக்கொண்ணு போட்டியா இருந்தும், கோர்ட்டு கழுத்தைப் புடிச்சதும் 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துல பங்கு போட்டுக் கழிவைச் சேர்த்து விட்டாங்களா இல்லீங்களா? கழிவைப் பங்கு போடத் தெரிஞ்சவங்க ஆவியைப் பங்கு போடக்கூடாதுங்களா? பட்டறைக்கு ஒரு சின்ன பாய்லர், அதுக்கு ஒரு வெறகுக் குமி, ஒரு புகைபோக்கி, அரைகுறையா எரிஞ்ச கரி. இதுக்குப் பதிலா ஒரு தொகுதிக்கு ஒரே பெரிய பாய்லர், நல்லாப் பராமரிச்சு, புகையை வடிகட்டி, குழாயில ஆவிய அளந்து விக்கறது. சூரத்துப் பக்கம் சச்சின் தொழிற்பேட்டையில அப்படித்தான் ஆவிய மீட்டர் வெச்சு வித்திட்டிருக்கறாங்க. அவங்களும் ஜவுளிக்காரங்கதான். ஆவி நெம்பத் தூரம் போகாது, வழியிலயே ஆறிரும். அதனால எந்தப் பட்டறை எங்க இருக்குதுன்னு பார்த்துத்தான் குழாய் போடோணும். நகரத் திட்டம்னா இதுதானுங்க, எந்த அடுப்பு எங்க இருக்கோணும்னு முடிவு பண்றது.

பெரிய பாய்லர் வர்ற வரைக்கும் சும்மா இருக்கவும் வேண்டாம். ஒரு நாள் பட்டறைப் பின்பக்கம் போங்க. முன்பக்கம் கண்ணாடி ஆபீசு இருக்கும், அங்க உக்கார வெச்சு டீ குடுப்பாங்க, எந்திரிச்சுப் பின்னால போயிருங்க. வெறகுக் குமி மேல தகரம் போட்டிருக்குதான்னு பாருங்க. மழையில நனைஞ்ச கட்டைய அடுப்புல வெச்சா, மொதல்ல கட்டையோட தண்ணிதான் ஆவியாகும், அப்பறந்தான் பாய்லரோட தண்ணி. நாலு தகரம் போடறதுக்கு வெளிநாட்டு நிபுணர் வேண்டாம். அடுத்தது, ஆவிக் குழாய். மேல சுத்துன பஞ்சுக் கவசம் பிஞ்சு தொங்கும், பக்கத்துல போனாலே மூஞ்சி சுடும். ஆவி ஆறித் தண்ணியாகி நிக்கறதைப் பாருங்க. அது கொதிக்கற சுத்தமான தண்ணி. அதைத் திரும்பப் பாய்லருக்கே அனுப்புனா அம்புட்டு வெறகு மிச்சம். பல எடத்துல சாக்கடைக்குப் போகும். பழைய விஞ்சு சாய மிஷினுல ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டரும் அதுக்கு மேலயும் தண்ணி புடிக்கும், புது சாப்ட் ஃப்ளோ மிஷினுல அஞ்சாறு லிட்டர்ல முடிஞ்சிரும். தண்ணி பாதியானாச் சூடு பண்றதும் பாதி, கடைசியில காச்சி எடுக்கற உப்புத்தண்ணியும் பாதி. ஒரே எடத்துல கொறைச்சா மூணு எடத்துல கொறையுது.

தையல் பக்கம் வாங்க. கண்ணை மூடிக்கிட்டு நில்லுங்க, காது போதும். பழைய மிஷினுல கிளட்ச் மோட்டாரு. அந்தப் புள்ளை காலை எடுத்துட்டு நூலு கோத்துட்டிருக்கும், பீஸைத் திருப்பிட்டிருக்கும், மோட்டாரு மட்டும் "ம்ம்ம்"னு தன்பாட்டுக்குச் சுத்திட்டே இருக்கும். தெக்கற நேரத்தை விடத் தெக்காத நேரந்தான் அதிகம். சர்வோ மோட்டாருன்னா காலை எடுத்ததும் கப்சிப். கரண்டு பாதிக்கு மேல மிச்சம். மத்தியானம் எல்லாரும் சோத்துக்குப் போனதும் இன்னொரு சத்தம் கேக்கும், 'உஸ்ஸ்'னு. அது காத்துக் குழாய் ஓட்டை. கம்ப்ரசர் வெலை கூடுன கரண்டுல காத்தை அழுத்தி அனுப்புது, அது ஓட்டை வழியா வெளிய போகுது. சோத்து நேரத்துல ஒரு நடை நடந்தா எத்தனை ஓட்டைன்னு எண்ணிறலாம். அந்தப் புள்ளைக தலைக்கு மேல ஓடற ஃபேனு 75 வாட்டு. இப்ப வர்றது 30 வாட்டுக்குள்ள அதே காத்துக் குடுக்குது. வெயில்ல காயற தகரக் கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிச்சாக் கீழ உக்காந்திருக்கறவங்களுக்கும் உசுரு வரும். எரிசக்தித் திட்டத்துல தெக்கற புள்ளையோட வேர்வையும் ஒரு பக்கமா வரட்டுமே.

இதுக்கெல்லாம் பணம் எங்கன்னு கேப்பீங்க. ஓடந்துறை போயிருக்கீங்களா? மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்துல, ஊட்டி போற வழியில. நீங்க ஊட்டிக்குப் போயிருப்பீங்க, ஓடந்துறையில எறங்கியிருக்க மாட்டீங்க. சின்னப் பஞ்சாயத்து. ஆர். சண்முகம்னு தலைவரு, 1996-ல பொறுப்புக்கு வந்தாரு. அவரு கார்பன் கணக்கெல்லாம் பார்த்து ஆரம்பிக்கலை. பஞ்சாயத்துக் கரண்டு பில்லைப் பார்த்தாரு. தெருவிளக்கும் குடிதண்ணி மோட்டாரும் சேர்ந்து பில்லு வருசா வருசம் ஏறிட்டே போகுது. மொதல்ல சூரிய விளக்கு போட்டுப் பார்த்தாங்க. 2003-ல மரக்கழிவை எரிவாயுவாக்கி மோட்டாரு ஓட்டற 9 கிலோவாட் எந்திரம் வாங்கிப் போட்டுத் தண்ணி எறைச்சாங்க. அப்பறம் 2006-ல ஒரு காரியம் பண்ணுனாங்க, அதைக் கேட்டாப் பெரிய மாநகராட்சிக்கும் வேர்த்துப் போகும். பஞ்சாயத்துச் சேமிப்போட பேங்குல கடனை வாங்கிச் சேர்த்து, ஒண்ணரைக் கோடிக்கு மேல போட்டு, உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில 350 கிலோவாட்டுக் காத்தாடி ஒண்ணைச் சொந்தமா வாங்கி நிறுத்திட்டாங்க. ஊரு மலையடிவாரத்துல, காத்தாடி உடுமலையில. காத்து எங்க இருக்குதோ அங்க நட்டாங்க. எல்லைக்கோட்டைப் பத்தி அவங்களுக்குக் கவலையில்லை.

வருசத்துக்குச் சுமாரா ஆறே முக்கால் லட்சம் யூனிட்டு வந்துது. முன்னால மெகாவாட்டு, யூனிட்டுன்னு சொன்னேனில்லைங்களா, இதுல போட்டுப் பாருங்க. 350 கிலோவாட்டு வருசம் முழுக்க நிக்காம ஓடுனா 30 லட்சத்துக்கு மேல வந்திருக்கோணும். வந்தது நாலுல ஒரு பங்குக்கும் கொஞ்சம் கொறைச்சல். ஆனா பஞ்சாயத்துக்கு வேண்டியது நாலரை லட்சந்தான். மிச்சத்தை வாரியத்துக்கு வித்துக் கடனை அடைச்சாங்க. யூனிட்டுல கணக்குப் போட்டதால அளவாக் கடன் வாங்குனாங்க, அளவா வாங்குனதால கட்ட முடிஞ்சுது. மெகாவாட்டுல கணக்குப் போட்டிருந்தா ஜப்திக்கு வந்திருப்பாங்க.

கோயமுத்தூர் மாநகராட்சியும் உக்கடம் பெரியகுளத்துல சுவிட்சர்லாந்து உதவியோட 154 கிலோவாட்டுக்குச் சூரியத் தகடு மெதக்க விட்டிருக்குது. நல்லதுதான், பார்க்கறதுக்கும் அழகா இருக்குது. அம்மாம்பெரிய மாநகராட்சிக்கு அது எத்தனை நாழி லைட்டுக்கு ஆகும்னு மட்டும் கேட்டுறாதீங்க. ஓடந்துறைக் காத்தாடி அதைவிட ரெண்டு மடங்கு பெரிசு, அதுவும் கிட்டத்தட்ட இருவது வருசத்துக்கு முன்னால.

திருப்பூருக்கு இதைச் செய்யறதுக்குத் தடை என்ன? மாநகராட்சியோட பில்லுல பெரிய செலவு தண்ணி எறைக்கறதுதான். பவானியில இருந்து மேடேத்திக் கொண்டுவர்றாங்க. எங்களுக்கு மட்டும் என்ன, அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டு 17-ல தொறந்தாங்க. ஆறு எடத்துல மோட்டாரு வெச்சு, பவானி உபரித் தண்ணியில ஒண்ணரை டி.எம்.சி.யை ஏத்தி 1,045 குளம் குட்டைக்கு விடறதுக்கு. அறுவது வருசமாக் கேட்டுக் கெடைச்ச தண்ணி, அதைக் கொறை சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனா மேட்டுக்கு ஏறற ஒவ்வொரு கொடத்துக்கும் கரண்டு செலவாகுது. ஏத்துன தண்ணி குழாய் ஒடைஞ்சு ரோட்டுல ஓடுனா ஓடறது கரண்டுந்தான். திருப்பூர்ல ஒரு கசிவை அடைச்சாலும் எரிசக்தித் திட்டந்தான். அதுக்குத் தொறப்பு விழா மட்டும் வெக்க முடியாது.

எங்களையும் விட்டுறாதீங்க. வெவசாய மோட்டாருக்குக் கரண்டு இலவசம். 1990-ல எல்லா வெவசாயிக்கும் குடுத்தாங்க. குடுத்திருக்காட்டி இந்த வறக்காட்டுல பாதிப்பேர் எப்பவோ தறி ஓட்டப் போயிருப்போம். விசைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 1,000 யூனிட்டு இலவசம், 2023-ல 750-ல இருந்து ஏத்துனாங்க. வேண்டாம்னு சொல்ல நாங்க என்ன பைத்தியமா? ஆனா காசு கட்ட வேண்டாததால எங்க ஊர்க்காரங்க ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுட்டுக் குப்புறப் படுத்துக்கறாங்க. கரண்டு வந்தாத் தானா ஓடும், கெணறு வத்துனாத் தானா நிக்கும், நடுவுல வாய்க்கா ஒடைஞ்சு பக்கத்துத் தோட்டத்துக்குப் பாயுதான்னு பார்க்கறதுக்கு ஆளில்லை. இலவசத்தை எடுத்துருங்கன்னு எழுதுனீங்கன்னா இந்தப் பக்கம் மறுபடி மோருக்கு வர முடியாது. பழைய மோட்டாரைக் கழட்டி நட்சத்திரம் போட்ட நல்ல மோட்டாரை அரசாங்கச் செலவுல மாட்டுங்க, அதே தண்ணி கொறைஞ்ச கரண்டுல வரும்னு எழுதுங்க. ஒரு பயலும் சண்டைக்கு வர மாட்டான்.

இனி, வெளிநாட்டுக்காரங்க. அவங்கதான் இந்தக் கூத்துக்கே காரணம். ஒவ்வொரு பிராண்டும் கார்பன் எம்புட்டுன்னு எழுதிக் குடுன்னு கட்டுக் கட்டாப் படிவம் அனுப்புது. ஐரோப்பாவுல எல்லையில கார்பன் வரி போடறாங்க, இரும்பு, அலுமினியம், சிமெண்டு, உரம், இப்படி. துணி இன்னும் அந்தப் பட்டியல்ல இல்லை. இல்லைங்கறதால என்னைக்கும் வராதுன்னு இல்லை. படிவம் அனுப்பற அதே ஆளு, அடுத்த போன்ல பீஸுக்கு நாலு சென்டு கொறைச்சுக் குடும்பான். பாய்லரை மாத்து, மோட்டாரை மாத்து, வெலையை மட்டும் மாத்தாதேங்கறது என்ன நியாயமுங்க? 2025 ஆகஸ்டுல அமெரிக்காக்காரன் 50 சதவீத வரி போட்டப்ப திருப்பூர்ல ஆர்டர் நின்னு போயி, சின்னக் கம்பெனிக்காரங்க தூக்கமில்லாம அலைஞ்சாங்க. அந்த நேரத்துல, "உங்க கார்பன் தடம் என்ன?"ன்னு கேட்டிருந்தா, செருப்புத் தடத்தைக் காட்டியிருப்பாங்க. திட்டத்துல, 'செலவுல பிராண்டுக்காரன் பங்கு எம்புட்டு'ன்னு ஒரு கட்டம் போடுங்க. அவனுக மத்தவங்களை ரொப்பச் சொல்ற படிவம் எத்தனையோ இருக்குது, இது ஒண்ணை அவனுகளே ரொப்பட்டும்.

நேரத்தையும் எழுதிக்குங்க. பெரிய இணைப்புக்காரங்களுக்கு வெடியால ஆறுல இருந்து பத்து, பொழுதோட ஆறுல இருந்து பத்து, கரண்டுக்கு 25 சதவீதம் கூடக் கட்டணம். அந்த நேரத்துலதான் ஊரே ஓட்டுது. பட்டப்பகல்ல தமிழ்நாட்டுல சூரியக் கரண்டு தாராளமா வருது. தண்ணி ஏத்தற மோட்டாரை மத்தியானம் ஓட்டுங்க, தொட்டியில நிறுத்தி வெச்சுக்கலாம். சுத்திகரிப்புல எது பொறுக்குமோ அதையெல்லாம் பகல்ல ஓட்டுங்க. இதுக்கு ஒரு காத்தாடியும் நட வேண்டாம், ஒரு மரமும் வெட்ட வேண்டாம். கடிகாரத்தைப் பார்த்துச் சுவிட்சைப் போடற ஆளு ஒருத்தரு இருந்தாப் போதும். அந்த ஆளுக்குச் சம்பளம் போடறதுக்குத்தான் திட்டத்துல எடமிருக்காது, ஆலோசகருக்கு இருக்கும்.

மோர் தீந்துபோச்சு, உங்களுக்கும் நேரமாச்சு. வரைவை அச்சுக்குக் குடுக்கறதுக்கு முன்னால ஒரு பிரதி இங்க அனுப்புங்க. வெறகு பாய்லருக்கு எத்தனை பக்கம், சேவூர் மாதிரி ஜாப் ஒர்க் ஊர்களுக்கு எத்தனை பக்கம்னு புள்ளைகளை விட்டு எண்ணிப் பார்த்துக்கறேன். ரெண்டும் இருந்தா கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நானே பத்துப் பேரைக் கூட்டிட்டு வர்றேன். ஒரு விசயம், கூட்டத்தைத் திங்கக்கிழமை வெக்காதீங்க. அன்னைக்கு எங்கூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துல கடலை ஏலம், ஒருத்தரும் வர மாட்டாங்க.